வாய்க்கால் கேள்வி, வயல் பதில்

கேள்வி: பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்காலில் ஏன் இத்தனை வளைவு?

பதில்: பவானி ஆறு காவிரியைச் சேருமிடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது. நொய்யல் வரை சுமார் 90 கி.மீ. ஓடுகிறது. பாம்பு போன தடத்தில் வெட்டியதாக ஊர்க்கதை; சர்வேயர் கூலி மிச்சம். மேட்டையும் பள்ளத்தையும் பார்த்து வளைந்து போவதால் நீரின் வேகம் தணியும், கரை அரிக்காது, கூடுதல் நிலத்துக்குப் பாயும்.

கேள்வி: வாய்க்காலில் கசியும் நீர் வீண்தானே?

பதில்: கடைமடைக்காரருக்கு வீண், பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு ஊற்று. 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும் கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா என்ற தகராறின் சாரமே இதுதான். வழக்காடும் இரு தரப்பும் விவசாயிகள். வழக்கில் இருப்பது ஒரே தண்ணீர்.

கேள்வி: நெல் வயல் வானத்தைச் சூடாக்குமா?

பதில்: ஆக்கும். நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் பொருளிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. தீர்வு, காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மடை திறந்தால் போதும். பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது.

கேள்வி: யூரியாவைக் கூடுதலாகப் போட்டால் மஞ்சள் செழிக்குமா?

பதில்: இலை செழிக்கும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீடு கிழங்குக்குத்தான். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. பயிர் எடுத்தது போக எஞ்சியதில் ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும். ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மேலே போகும். எடைக்கு எடை, அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 270 மடங்கு சூடேற்றும். உரத்தைப் பல தவணையாகப் பிரித்துப் போடுவதும், முன்னதாகச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுது அந்த அளவுக்கு யூரியாவைக் குறைப்பதும் இரண்டு கசிவையும் குறைக்கும்.

கேள்வி: கரும்புச் சோகையைக் கொளுத்தினால் வேலை சுலபமாயிற்றே?

பதில்: சுலபம்தான். புகையோடு தழைச்சத்தும் போய்விடும். அதை மீட்க உரக்கடைக்கு நடக்க வேண்டும். பாரில் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை அடங்கும், மக்கியது மண்ணுக்குச் சேரும்.

கேள்வி: சாயக்கழிவை விட்டுவிட்டு விவசாயியிடம் ஏன் கணக்குக் கேட்பது?

பதில்: சாயக்கழிவும் தோல் கழிவும் கணக்கில் உண்டு. அவை காலிங்கராயனில் கலக்காமல் இருக்க, அதன் ஓரமாகவே பேபி வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டது. தாய்க்கு வந்த நோயைச் சுமக்கப் பிறந்த பிள்ளை! ஆனால் சாயம் நிறத்தால் காட்டிக்கொடுக்கும். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்று நீரைப் பரிசோதித்தால்தான் அது தெரியும்.