ஈயம் குறையாமல் மூலிகை பறிப்பது எப்படி?

முதலில் இடம் பார்க்க வேண்டும். காட்டு மூலிகை என்பதற்காகக் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை, பழைய நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளமே போதும். அங்கே கீழாநெல்லி செழித்துக் கிடக்கும். ஈயம் கலந்த பெட்ரோலை 2000-லேயே நிறுத்திவிட்டார்களே என்று மனம் தளராதீர்கள். ஈயம் மேல்மண்ணை விட்டு லேசில் போகாது. உங்கள் தாத்தா காலத்து அம்பாசிடர் விட்ட புகையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

குரோமியம்தான் வேண்டும் என்பவர்கள் ராணிப்பேட்டைப் பக்கம் போகலாம். மூடிப்போன ஒரே ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவே ஒரு லட்சம் டன்னைத் தாண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் உபயம் தனி.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் நீர்ப்பிரமியையும் வல்லாரையையும் சாக்கடை ஓரத்திலேயே பறியுங்கள். தண்ணீரிலிருந்து காட்மியத்தையும் குரோமியத்தையும் உறிஞ்சுவதில் நீர்ப்பிரமி கெட்டிக்காரி. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்தலாமா என்று விஞ்ஞானிகளே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது வாய்க்காலுக்குச் செய்த சேவையின் பலன் பிள்ளையின் தம்ளருக்கு வந்து சேரும். கூடவே வரும் ஈயம் குழந்தையின் அறிவுத்திறனைக் குறைக்கும். ஞாபகசக்திக்குக் கொடுக்கும் கீரையிலேயே அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

சுடுகாடு, புற்று, உவர்நிலம் இங்கெல்லாம் மூலிகை பறிக்கக் கூடாது என்று பழைய வைத்தியர்கள் விதி வைத்திருந்தார்கள். தொழிற்சாலைக் கால்வாய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தாராளமாகப் பறிக்கலாம். பறிக்கும் முன் சொல்லும் சாப நிவர்த்தி மந்திரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பறித்ததைக் கழுவலாம், தப்பில்லை. இலைமேல் படிந்த தூசிதான் போகும். வேர் வழியாக ஏறியது பத்திரமாக உள்ளேயே இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது, ஆவியாகவும் போகாது. ஆனாலும் கஷாயத்தில் கொஞ்சம் நஷ்டம் உண்டு, உலோகத்தில் ஒரு பகுதி சக்கையோடு போய்விடும். சிக்கனக்காரர்கள் காயவைத்து இடித்துச் சூரணமாகவே சாப்பிட வேண்டும்.

உலர்ந்த மூலிகையில் கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிலோவுக்குச் சில்லறை பார்க்கும் மூலிகை பறிப்பவருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. அவர் மூட்டையும் மலையிலிருந்து வந்த மூட்டையும் ஒரே கிடங்கில் கொட்டப்படுகின்றன. நாட்டு மருந்துக் கடையில் "இது எங்கே பறிச்சதுண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாமே கொல்லிமலையில் பறித்ததுதான்.

"சித்த வைத்தியத்தில் பாதரசமே மருந்துதானே" என்று யாராவது மடக்கினால் ஆமோதித்துவிடுங்கள். செந்தூரத்துக்குச் சுத்தி, புடம் என்று ஆயிரம் வேலை. பள்ளத்து ஈயத்துக்கு அந்தத் தொந்தரவே கிடையாது.

சூரணம் காலையில் ஒரு ஸ்பூன், வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம், வயிறு காலியாக இருந்தால்தான் ஈயம் கூடுதலாக உடம்பில் சேரும்.