செத்த பாம்பைக் கேளு மாப்ளே

மாப்ளே, உன் ரெண்டாவது பாம்பும் போய்ச் சேந்துட்டதா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். கருப்புக் கட்டம் கட்டி, மாலை மாட்டி, "மீளாத் துயரில் குடும்பத்தார்"னு உங்கப்பன் பேரையும் சேத்துப் போட்டிருக்க. உங்க பெரிய தாத்தா செத்தப்போ நீ பந்தலுக்கு நாற்காலிகூட எடுத்துப் போடல. சரி, அவரு சட்டை உரிக்கத் தெரியாத மனுசன், அவரை வச்சு உனக்கு என்ன லைக் விழப்போகுது.

சிவகாசிப் பக்கம் பிறந்தவனுக்குப் பாம்பு ஆசை வந்தா பாம்பு மாத்திரை வாங்கிருக்கணும். தீயை வச்சா புஸ்ஸுனு கருப்பா நெளிஞ்சு வரும். எலி கேக்காது, ஏசி கேக்காது, முடிஞ்சதும் விளக்குமாத்தால தள்ளிட்டுப் போயிரலாம். நீ பெரிய இடத்துப் பிள்ளையில்ல? ஆப்பிரிக்காவுல கானா, டோகோ, பெனின் பக்கம் கரையான் புத்துலயும் எலி வளையிலயும் படுத்துக் கிடக்கிற பந்து மலைப்பாம்பைக் கொண்டாந்து, திருத்தங்கல்ல மேற்கு வெயில் அடிக்கிற தகரக் கூரைக்குக் கீழ பிளாஸ்டிக் டப்பாவுல அடுக்கி வச்சிருக்க. பங்குனி வெயிலுக்கு நாங்களே நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியுறோம்.

மொதல்ல ஒண்ணு செத்துச்சே, என்ன செஞ்ச? உங்க அப்பத்தா சங்கரன்கோவில் புத்துமண்ணைக் கரைச்சுத் தெளிச்சா. ஜோசியர் நாகதோசம்னாரு. கானாவுல பிறந்த பாம்புக்கு எந்த ஊரு பஞ்சாங்கம் பாத்தாருன்னு தெரியல. அப்புறம் நீ ராத்திரியோட ராத்திரியா கொல்லைல குழி வெட்டி, உப்பைப் போட்டு மூடிட்ட. ஏன் ராத்திரில? அதைத்தான் கேக்கேன். கோழி செத்தா பகல்ல புதைக்கிற ஊரு இது.

உன் வாயில வராது, நானே சொல்றேன். உன்கிட்டக் காகிதம் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம ஊரு சாரை, நல்லபாம்பு, மலைப்பாம்பு எதையும் வீட்ல வளக்கப்படாது. வெளிநாட்டுச் சரக்குக்கு 2020 ஜூன்ல, ஆறு மாசத்துக்குள்ள நீங்களா வந்து சொல்லிட்டா காகிதம் கேக்க மாட்டோம்னு மத்திய அரசு கதவைத் திறந்து வச்சுச்சு. அப்போ நீ தூங்கிட்ட. 2022ல சட்டத்தைத் திருத்தி, 2024ல விதியும் போட்டு, பந்து மலைப்பாம்பு மாதிரி பன்னாட்டு வனவிலங்கு வியாபார ஒப்பந்தப் பட்டியல்ல இருக்கிற உயிரையெல்லாம் பரிவேஷ்ங்கிற இணையதளத்துல பதியணும்னுட்டாங்க. முட்டை பொரிச்சாலும் சொல்லணும், செத்தாலும் சொல்லணும். அப்பவும் நீ பாம்போட செல்பி எடுத்துக்கிட்டிருந்த. 2023 ஜூலைல திருச்சி விமான நிலையத்துல, கோலாலம்பூர்ல இருந்து இறங்குன ஒரு ஆளு பெட்டியைத் திறந்தா 47 மலைப்பாம்பு, தொணைக்கு ரெண்டு பல்லி. அப்படி மூச்சு முட்டி, இரை தண்ணி இல்லாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வர்றதுல ஒரு பங்குதான் உனக்கு "நல்ல பிரீடர்கிட்ட வாங்கினது"ன்னு வந்து சேந்துச்சோ என்னவோ. வரும்போதே சீக்கைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கலாம். மறைச்சு வாங்கினதால மறைச்சுப் புதைச்ச. மறைச்சுப் புதைச்சதால முதல் பாம்பு எதுக்குச் செத்துச்சுன்னு தெரியல. தெரியாததால ரெண்டாவதும் போச்சு. இன்னும் மூணு டப்பா இருக்கு, அதுல ஒண்ணு பெரிய போவா.

இது எனக்குப் புதுக் கதை இல்ல மாப்ளே. பட்டாசு ஆலைல போர்மேனாக் கிடந்தவன் நான். மருந்து அறைக்கும் மருந்து அறைக்கும் நடுவுல ஏன் அவ்வளவு வெட்டவெளி விடுறோம்? இடம் மலிவுன்னா? ஒண்ணு போனா ஒண்ணோட நிக்கணும்னுதான். ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. அன்னைக்குக் கலக்குன மருந்தை அன்னைக்கே தீக்கணும். இதையெல்லாம் காத்துல விட்டா என்ன ஆகும்னு 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டில பட்டாசு ஆலை வெடிச்சப்போ பாத்தோம். ஏறத்தாழ 40 உசுரு. அதுல அணைக்க ஓடுனவனும் உண்டு, வேடிக்கை பாக்கப் போனவனும் உண்டு. அதைப் பத்திக் கேலியா பேச எனக்கு வாய் வராது. உன் பாம்பு ரூமுல டப்பா மேல டப்பா அடுக்கி, ஒரே இடுக்கி, ஒரே துண்டு, எல்லாத்துக்கும் ஒரே தண்ணிக் குவளைன்னு வச்சிருக்கியே, அதுவும் உரிமமில்லாத ஷெட்டு மாதிரிதான்.

சரி, இப்ப நடக்க வேண்டியது. முதல்ல புதைச்சதைத் தோண்டாத. கரிசல் சூட்டுல அது இந்நேரம் மண்ணாகிருக்கும், வைத்தியர் பாக்க ஒண்ணும் மிஞ்சாது. இன்னைக்குச் செத்துச்சே, அதை ரெண்டு பிளாஸ்டிக் பையில சுத்தி ஃபிரிட்ஜுல வை. ஐஸ் பெட்டில வச்சிராத. உறைஞ்சா சதைக்குள்ள ஐஸ் குத்தி, நுண்ணோக்கில பாக்கும்போது எது நோய் எது ஐஸ்னு பிரிக்க முடியாமப் போயிரும். நாளைக்குள்ள ஐஸ் பையோட திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போ. மாடு பாக்கிற இடமாச்சேன்னு கூச்சப்படாத. போறதுக்கு முன்ன போன் போட்டுக் கேட்டுக்க. வெறுங்கையோட போகாம ஒரு நோட்டு எடுத்துட்டுப் போ: கடைசியா எப்ப தின்னுச்சு, கக்குச்சா, எப்ப சட்டை உரிச்சுச்சு, எடை என்ன, டப்பாவுக்குள்ள சூடு எவ்வளவு. சூடா? அதான் உனக்குத் தெரியாதே. தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னா எல்இடி பல்பு வாங்குனவன் நீ. பந்து மலைப்பாம்புக்கு ஒரு மூலை 31, 32 டிகிரி, இன்னொரு மூலை 26 பக்கம் இருக்கணும். வேணுங்கிற பக்கம் அதுவே நகந்துக்கும். உன் டப்பாவுல நாலு மூலையும் ஒரே அடுப்பு.

அங்க வயித்தைக் கிழிச்சுப் பாத்தா பாம்பு பொய் சொல்லாது. நுரையீரல்ல சளியும் சீழும் கட்டியிருந்தா ஒரு கதை. சிறுநீரகத்துல வெள்ளையா யூரிக் உப்பு படிஞ்சிருந்தா, தண்ணி பத்தாம வறண்டுச்சான்னு சந்தேகப்படணும், அது உன் தகரக் கூரை கதை. ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலன்னா துண்டு வெட்டிப் பார்மலின்ல போட்டு நுண்ணோக்கில பாப்பாங்க. சில சீக்கு அப்பத்தான் பிடிபடும். போவா பாம்புக்கும் மலைப்பாம்புக்கும் ஒரு சீக்கு வரும்: தலையை மேல தூக்கி வானத்தையே பாத்துக்கிட்டிருக்கும், தின்னதைக் கக்கும், கவுந்து போட்டா திரும்பத் தெரியாது. 1970கள்லயே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியும், ஆனா எந்தக் கிருமின்னு தெரியாம முழிச்சாங்க. 2012ல தான் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரங்க, நோயான பாம்போட சதையில இருந்து, அரீனா வகை வைரஸ்னு கண்டுபிடிச்சாங்க. செத்ததையெல்லாம் குழி வெட்டிப் புதைச்சிருந்தா இன்னும் அங்கயும் ஜோசியர்தான். அந்த வைரஸ் போவாவுக்குள்ள சத்தமில்லாம வருசக்கணக்கா இருக்கும். மலைப்பாம்புக்கு வந்தா சட்டுன்னு முடிச்சிரும். அதனால நீ அந்தப் பெரிய போவாவை நடுவுல வச்சு சுத்தி மத்ததை அடுக்கியிருக்கியே, கொலு மாதிரி, அதை இன்னைக்கே கலை.

பாம்பு உண்ணி பாத்திருக்கியா? மிளகுப் பொடி தூவுன மாதிரி தண்ணிக் கிண்ணத்துல மிதக்கும், கண்ணு ஓரத்துல செதிலுக்கடியில ஒட்டியிருக்கும். அதுதான் ஒரு டப்பாவுல இருந்து இன்னொரு டப்பாவுக்குச் சீக்கைக் கடத்துதுன்னு சந்தேகப்படுறாங்க. கண்டதும் உங்கம்மா பினாயிலைக் கொட்டிக் கழுவ வருவா. தடு. பினாயில்ல இருக்கிறதே பாம்புக்கு விஷம். கொசு மருந்தையும் அந்த ரூமுல அடிக்காத. சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைச்சலால துடைச்சு, நல்லா அலசி, வாடை போகக் காய வச்சாப் போதும்.

மூணையும் மூணு ரூமுக்குப் பிரி. ஒவ்வொண்ணுக்கும் தனி இடுக்கி, தனிக் கிண்ணம். நல்லா இருக்கிறதை முதல்ல பாரு, சீக்கா இருக்கிறதைக் கடைசில தொடு, நடுவுல கையைக் கழுவு. புதுசா ஒண்ணு வாங்கணும்னு நாக்கு ஊறுனா, குறைஞ்சது மூணு மாசம் வேற வீட்ல வச்சுப் பாத்துட்டு உள்ள விடு. அப்புறம், சாப்பிடலன்னு வாயைத் திறந்து திணிக்காத. இந்தச் சாதி மாசக்கணக்கா விரதம் இருக்கும், சபரிமலைக்கு மாலை போட்ட உங்கப்பனைவிட ஒழுங்கா.

தீபாவளி வருது, அதையும் சொல்லிடுறேன். பாம்புக்கு வலது நுரையீரல்தான் பெருசு, உதரவிதானம் கிடையாது, நம்மள மாதிரி இருமித் துப்பத் தெரியாது. 2016ல புனேல ஆறு வகைப் பட்டாசைக் கொளுத்தி நுண்துகளை அளந்தாங்க. எல்லாத்தையும் தூக்கி அடிச்சது நம்ம பாம்பு மாத்திரைதான்: 9 வினாடி எரிஞ்சு, ஒரு கன மீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம். சங்குசக்கரம் அதுல ஏறத்தாழ ஏழுல ஒரு பங்குதான். அக்கா மக்க வந்து உன் ரூம் வாசல்ல மாத்திரை வைக்குதுகன்னா, மிட்டாய் குடுத்தாவது மாடிக்கு ஏத்து.

காகிதம் சமாச்சாரத்துக்கு ஒரு வக்கீலைப் பாத்துட்டு, வனத்துறை ஆபீசுக்கு நீயாப் போயிரு. அவங்க வந்து கதவைத் தட்டுறதைவிட அது மேல். வேணும்னா நான் கூட வர்றேன், திட்டு வாங்கும்போது பக்கத்துல ஒரு நரைச்ச தலை இருந்தா சத்தம் கொஞ்சம் குறையும்.

ஆனா ஃபிரிட்ஜுல மாவுச்சட்டிக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு உங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும். அதுல என் பேரு வரப்படாது.