வண்டியை அணைத்தால்தான் ஃபைல்

திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட் இருக்கிற எந்தச் சந்திலும் போய், "பென்டிரைவ் அண்ணன் வந்தாருங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்பத்தானுங்க போனாரு" என்பார்கள். அனுப்பர்பாளையத்திலும் அதே பதில், தாராபுரம் ரோட்டிலும் அதே பதில். ஒரே ஆள் இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் நடுவே ஓடும் ஃபாலோ-அப் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர்.

வயது ஐம்பதை ஒட்டி. டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் சாம்பிள் பை. சாவிக்கொத்தில் பழனி முருகன் டாலர், வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, கூடவே பென்டிரைவ். வண்டியை அணைத்தால்தான் ஃபைல் கைக்கு வரும்.

நான் பஞ்சிங் போடுகிறவன், அதாவது டிசைனை மெஷினுக்குப் புரியும் தையலாக மாற்றுகிறவன். ஒருநாள் எங்கள் யூனிட்டுக்கு வரும் அண்ணன் அவினாசி ரோட்டு ஆபீஸில் தானே காப்பி பண்ணி, ரயில் பாதையையும் நொய்யலையும் தாண்டி வந்து சாவிக்கொத்தை நீட்டினார். சொருகிப் பார்த்தேன். மூலையில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட், 2 கேபி. பாத்திரம் வாங்கி வரச் சொன்னால் பாத்திரக்கடை அட்ரஸை வாங்கி வந்திருக்கிறார்!

"அம்பு போட்டிருந்துச்சு தம்பி, இதுதான் ரைட்டுன்னு நெனச்சேனுங்க."

"ஏனுங்ணா, செக்கிங்ல அம்பு ஸ்டிக்கர் ஒட்டுனா என்னங்க அர்த்தம்?"

"டேமேஜு."

"இங்கயும் அதேதானுங்க."

உடனே பழைய டெலிவரி சலான் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். அதுதான் அவருடைய கம்ப்யூட்டர் பாடநூல். 'கண்ட்ரோல் இசட்: ஆல்டர்.' 'கண்ட்ரோல் எக்ஸ்: கட்டிங். தொடாதே.' வெட்டின துணி திரும்ப ஒட்டாது என்று தெரிந்த ஊரில் வேறெப்படி எழுதுவார்? எளிய தமிழில் கணினி சொல்லித்தர 2012 முதல் 'கணியம்' இதழ் இருக்கிறது, இலவசம்தான். பனியன் பாஷையில் ஒரு பாகம் போட்டால் முதல் வாசகரை நான் அனுப்பி வைப்பேன்.

எங்கள் பழைய மெஷினுக்குப் பிளாப்பிதான் தெரியும். 2011-ல் சோனி கம்பெனியே ஜப்பானில் பிளாப்பி விற்பதை நிறுத்திவிட்டது. மெஷின் ஓடுவதை நிறுத்தவில்லை. பிளாப்பி இருந்த ஓட்டையில், பென்டிரைவ் சொருகும் பெட்டி ஒன்றை மாட்டினோம். அண்ணனின் 8 ஜிபியை அது 1.44 எம்பி பிளாப்பிகள் நூறாகப் பாவிக்கும், 00 முதல் 99 வரை. 17-ல் நங்கூரம், 18-ல் பட்டாம்பூச்சி என்று அண்ணனுக்கு மனப்பாடம். இந்த அளவே தாராளம். மெஷின் படிக்கும் டிஎஸ்டி ஃபைலில் ஒரு தையலுக்கு 3 பைட். பத்தாயிரம் தையல் லோகோவே ஏறக்குறைய 30 கேபிதான். ஆனாலும் காப்பி முடிந்ததும், "முழுசா ஏறிருச்சுங்களா?" என்று கேட்பார். 'பாதுகாப்பாக எடுக்கலாம்' என்று திரையில் வரும்வரை, தீபாராதனைக்கு நிற்பது போல் நிற்பார்.

போன மாதம் அவருடைய முதலாளி, "இனி எல்லாம் வாட்ஸ்அப்புல அனுப்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். நங்கூரம் இரண்டு நொடியில் வந்து இறங்கியது. மெஷினில் ஏற்றினோம். ஆபரேட்டர் கேட்டான்: "எந்த நீலமுங்க?"

டிஎஸ்டி அதைச் சொல்லாது. இங்கே நில், நூலை மாற்று என்பதோடு அதன் வேலை முடிந்தது. மெர்ச்சன்டைசருக்குப் போன் போட்டால் மீட்டிங். அனுப்பின போட்டோவில் கறுப்பும் நேவியும் ஒன்றாகத் தெரிந்தன. பன்னிரண்டு தலை மெஷின் சும்மா நின்றது.

அரை மணி கழித்து எக்ஸ்எல் சத்தம். அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். நூல் துண்டுகளை வரிசையாக ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் கோன் நம்பர் எழுதியிருந்தது. ஆபரேட்டர் வாங்கிக்கொண்டு ஓடினான்.

அண்ணன் திரும்பிப் போய், ஓடிக்கொண்டிருந்த வண்டியை அணைத்தார். சாவிக்கொத்தோடு வந்து என்னிடம் நீட்டினார்.

"எதுக்கும் இதுலயும் ஒரு காப்பி ஏத்திருங்க தம்பி. 17-லயே."