கொம்பு முளைத்த கூரை

ஸ்காட்லாந்தின் பிரேமார் அருகே இருக்கும் மார் லாட்ஜ், இயற்கை நேசர்களின் திருத்தலம். விக்டோரியா மகாராணியின் பேத்தியும் அவள் கணவர் ஃபைஃப் பிரபுவும் வேட்டையாடித் தங்க ஓர் இடம் வேண்டாமா? 1895இல் மகாராணியே அடிக்கல் நாட்டினார். நடனக் கூடத்துக்கு என்ன வர்ணம் அடிப்பது என்ற குழப்பமே இல்லை. சுவர், கூரை எங்கும் கொம்போடு 2,435 ஆண் மான்களின் மண்டையோடுகள். மான்கள்மீது அவ்வளவு பாசம்; வெளியே பனியில் நனையவிட மனம் வரவில்லை. கீழே ஜோடிகள் சுழல, மேலே ஆயிரக்கணக்கான கண்குழிகள் இமைக்காமல் ரசிக்கும். எந்தக் கச்சேரிக்குக் கிடைக்கும் இப்படியொரு கூட்டம், ஒருவர்கூட எழுந்து போகாமல்?

1991இல் தீப்பிடித்தது. துரைமார் தங்கிய மாளிகை கருகியது. நடனக் கூடம் தப்பியது.

மான்களுக்கு ஆயுசு கெட்டி.