பன்னிரண்டடிச் சுரங்கமும் விருந்தினர் வருகையும்

அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்துத் தென்மேற்கு மூலையில், மேசா வெர்டே என்னும் பீடபூமியின் செங்குத்தான பாறைகளிலே இயற்கை குடைந்து வைத்த பொந்துகளுக்குள், பியூப்ளோ மக்களின் முன்னோர் கட்டிய கல்வீட்டுக் குடியிருப்புகள் ஏறக்குறைய 600 இருக்கின்றன. காரின் தலையில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் யாத்திரிகர்கள் கோடைதோறும் இவற்றைத் தரிசிக்க வருகிறார்கள். கிளிஃப் பேலஸின் 150 அறைகளைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். ஆனால் பால்கனி ஹவுஸ் என்ற சிறிய குடியிருப்பில் உள்ள, 12 அடி நீளமும் 18 அங்குல அகலமும் கொண்ட சுரங்க வழிக்கும் மனித இடுப்புக்கும் இருக்கும் சம்பந்தம் உரிய சிரத்தையோடு ஆராயப்படவில்லை என்பது நம் துணிபு.

முதலில் க்ஷேத்திர வர்ணனை. வனக்காவலர் முன்செல்ல, 32 அடி உயர மர ஏணியில் ஏறி, சுமார் 40 அறைகளையும் கண்டு முடித்த பிறகு இந்தச் சுரங்கம் எதிர்ப்படுகிறது. முதுகுப் பையைக் கழற்றி முன்னே தள்ளிக்கொண்டு, உள்ளங்கையிலும் முழங்காலிலும் மணற்கல் உறுத்த, தோள்கள் இருபுறமும் உரசத் தவழும்போது, முன்னால் போகிறவருடைய பூட்ஸின் அடிப்பாகத்தைத் தவிரப் பிரபஞ்சத்தில் வேறெதுவும் புலப்படாத அந்த நிலையில், முந்தின இரவு மோர்ஃபீல்டு முகாமில் அடுப்பு மூட்டி உண்ட சோள ரொட்டியும் பீன்ஸும் ஒவ்வொரு கவளமாக ஞாபகத்துக்கு வருகின்றன. சோளமும் பீன்ஸும் பூசணியுமே அம்மக்களின் பிரதான ஆகாரம் என்பதை வாசகர் மனத்தில் இருத்துக.

இது பகைவரைத் தடுக்க அமைந்த வழி என்பது பூர்வபக்ஷம். ஒவ்வொருவராகத் தவழ்ந்து வரும் எதிரிகளுக்கு உலக்கையோடு காத்திருக்கும் ஒரு பாட்டி போதும். இவ்விளக்கம் சாதாரண அறிவுக்குப் பொருந்துகிறது. ஆதலால் ஆராய்ச்சியாளனுக்குத் திருப்தி அளிப்பதில்லை. பகைவனை உலக்கையால் அடிக்கலாம், சம்பந்தியை அடிக்கலாமா? மேட்டில் மழையை நம்பி விளைவித்த தானியத்தைப் பாறையில் கொத்திய விரற்குழிகளைப் பற்றிக்கொண்டு இறக்கி, கல்லில் அரைத்துப் படைக்கும் வீட்டில், வந்தவர் நான்காம் முறை கேட்டால் என்ன செய்வது? அதற்கு விடையே சுரங்கம். பசியோடு வருகிறவன் தாராளமாக நுழையலாம். மிஞ்சி உண்டவன் வெளியேற முடியாது. இதை அறிந்த விருந்தினர், வீட்டார் வாய் திறவாமலே, போதும் போதும் என்று தாமே கையை மறித்துவிடுவார். வேறெங்கும் காணாத நாகரிகம்!

துணைச் சான்றுகளுக்கும் குறைவில்லை. குடியிருப்புகளில் பல குளிர்கால வெயிலை நாடித் தெற்கையும் தென்மேற்கையும் நோக்க, பால்கனி ஹவுஸ் மட்டும் கிழக்கு நோக்கி நடுங்கிக்கொண்டிருக்கிறது. காலை வெயில் போன பிறகு அங்கே யார் உட்கார்ந்து கதை பேசுவார்? கிவா எனப்படும் நிலத்தடி வட்ட அறைக்கோ, புகை வெளியேறும் கூரைத் துவாரமே வாசல். புகை மேலே வர வர, அதனூடே ஏணியில் இறங்குகிற விருந்தாளி இருமாமல் க்ஷேமம் விசாரிக்க முடியாது. நம் கூடாரத்துக்கு இத்தகைய பாதுகாப்பு ஏது? தீப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து முகாம்காரர் ஜிப்பை அவரே இழுத்துத் திறந்து, மடக்கு நாற்காலியில் இரவு வெகுநேரம் வீற்றிருந்தார்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்குடியிருப்புகள் காலியாயின. 1276 முதல் 1299 வரை நீடித்த வறட்சியை மரவளையங்களை எண்ணுவோர் சுட்டுகிறார்கள். சுட்டட்டும், மழை பொய்த்ததற்கு நம் சித்தாந்தம் பொறுப்பன்று. இடம்பெயர்ந்த அம்மக்களின் சந்ததியார் வாழும் நியூ மெக்சிகோவின் பியூப்ளோ ஊர்களில், திருவிழா நாளன்று முன்பின் அறியாதவரையும் வீட்டுக்குள் அழைத்து உணவிடும் வழக்கம் இன்றும் உண்டு. இதைக் காட்டி நம்மை மடக்கிவிட்டதாகச் சிலர் குதிக்கலாம். அந்த வீடுகளுக்குள் விருந்தினர் தவழாமல் நடந்தே போகிறார்கள் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. சுரங்கம் நீங்கியதும் தடையும் நீங்கிற்று, அவ்வளவே. இதற்கு மேலும் மறுப்பு எழுத விரும்பும் பண்டிதர்கள், பால்கனி ஹவுஸுக்கு டிக்கெட் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு ஒருமுறையும் பின்பு ஒருமுறையும் உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு எழுதுவார்களாக.