ஆஸ்கார் மீனும் பீரோவின் இடப்பெயர்ச்சியும்: ஓர் ஆய்வு

நடுத்தரக் குடும்பத்து வீட்டில் பீரோ இடம் மாறுவதற்கு வாஸ்து, கல்யாணம், கரையான் என்று மூன்று காரணங்களே இதுவரை ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. நான்காவதாக ஆஸ்கார் மீனையும் சேர்த்தாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. கொளத்தூர்க் கடைகளில் இரண்டு அங்குலக் குஞ்சாக, காற்றடைத்த பாலித்தீன் பையில் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுக்கப்படும் இந்த அமேசான் படுகை மீன், நன்றாகத் தின்றால் ஓராண்டுக்குள் ஓரடியை நெருங்கிவிடும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது: 1831-இல் இந்த மீனை முதலில் விவரித்த லூயி அகாசிஸே இதைக் கடல் மீன் என்று எண்ணிவிட்டார். பேரறிஞருக்கே தண்ணீர் மாறிப்போனபோது, வியாபாரிக்குத் தொட்டி அளவு மாறிப்போவதில் வியப்பென்ன?

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்" என்பது நமக்கு எதிராக முதலில் நீட்டப்படும் வாதம். இதற்குக் கண்கண்ட சான்றும் உண்டு. சின்னத் தொட்டியில் கிடக்கும் ஆஸ்கார் சின்னதாகவே நிற்பதைப் பார்க்கலாம். காரணம்தான் வேறு. தின்பதிலும் கழிப்பதிலும் தாராளமான மீன் இது. செவுள் வழியே அம்மோனியாவும் வெளியேறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் கழிவு தேங்கி, மீன் நோஞ்சானாகி, ஆயுளும் சுருங்கும். அரைவயிற்றுப் பிள்ளையைப் பார்த்து 'சட்டைக்கு ஏற்ற வளர்த்தி' என்று யாரும் மெச்சுவதில்லை. ஒழுங்காக வைத்திருந்தால் 30 முதல் 35 செ.மீ. வரை வளரும் உடம்பு ஓரடி அகலத்தில் திரும்ப முடியாது. ஆகவே நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது ஆடம்பரம் இல்லை, வெறும் கணக்கு.

அந்தக் கணக்கு பீரோவை எட்டுவது எடையின் வழியாக. 16 கன அடி என்றால் ஏறத்தாழ 450 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, கூழாங்கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் அரை டன்னைத் தாண்டும். குடியிருப்பு அறைத் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 போட்டிருக்கும் சுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். நம் தொட்டி முக்கால் சதுர மீட்டருக்குள் நின்றுகொண்டு அரை டன்னை இறக்குகிறது. (தரைத்தளத்தில் குடியிருப்போர் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) அந்த 200 அறை முழுக்கப் பரவலாகப் போடும் கணக்கு, ஒரே இடத்துக்கானது அல்ல என்று மறுப்பார்கள், நியாயமே. அதனால்தான் தொட்டியை அறை நடுவில் வைக்காமல், கீழே பீம் தாங்கும் சுவரை ஒட்டி வைக்கிறோம், சந்தேகம் இருந்தால் பொறியாளரையும் கேட்கிறோம். அந்தச் சுவரை ஒட்டித்தான் பீரோ நிற்கிறது. உயரத்தைக் கூட்டி இடத்தை மிச்சம் பிடிக்கலாமே என்றால், கண்ணாடி மேல் விழும் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பார்ப்பதில்லை, நீரின் ஆழத்தைத்தான் பார்க்கும். உயரம் கூடினால் கண்ணாடியும் தடிக்க வேண்டும். காற்றுப் படும் நீர்ப்பரப்போ ஓர் அங்குலமும் கூடாது.

பீரோ நகர்ந்த அன்றே மீனையும் மாற்றிவிடும் அவசரத்துக்கு மட்டும் அறிவியல் உடன்படவில்லை. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுப் பில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழைய பில்டரின் பஞ்சை, அழுக்காக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரில் அலசாமல் அப்படியே புதியதில் வைத்தால் அந்தக் காலம் வெகுவாகக் குறையும். குழாய்நீரின் குளோரினை முறிக்கவும் மருந்து வேண்டும். பெரிதானதும் ஏரியில் விட்டுவிடலாம் என்ற யோசனை விவாதத்துக்கே உரியதல்ல: அப்படி வெளியேறிய சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. எல்லாம் முடிந்து புதுத் தொட்டிக்கு வந்த ஆஸ்கார் ஒருக்களித்துப் படுத்து, தீனியைத் திரும்பிப் பாராமல் கிடக்கலாம். தண்ணீரைச் சோதித்துப் பார்த்து அம்மோனியா இல்லை என்று தெரிந்தால், அதைச் சாவென்று பதிவு செய்ய வேண்டாம். கோபம் என்று பதிவு செய்தால் போதும்.