முயல்தானே, குழந்தைகள் பார்க்கட்டும்!

ரிச்சர்ட் ஆடம்ஸ் பிரிட்டிஷ் அரசின் வீட்டுவசதித் துறையில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி. ஷேக்ஸ்பியர் நாடகம் பார்க்கக் குடும்பத்தோடு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குக் காரில் போகிறார். பின்சீட்டில் இரண்டு பெண்கள், கதை வேண்டுமாம். வேறு அப்பாவாக இருந்தால், ஒரு ஊரில் ஒரு முயல், அதற்கு கேரட் என்றால் உயிர் என்று சொல்லித் தூங்கவைத்திருப்பார். ஆடம்ஸ் ஆரம்பித்த கதையோ வேறு மாதிரி வளர்ந்தது. மனிதர்கள் வீடு கட்டுவதற்காக வளை வளையாக நச்சுப்புகை விட்டு ஒரு முயல் ஊரையே ஒழித்துக்கட்டுகிறார்கள். முன்கூட்டியே தப்பிய சில முயல்கள் புது இடம் தேடிப் போகின்றன. வீட்டுவசதித் துறைக்காரர் எழுதிய கதையில் வில்லன், வீட்டு மனைத் திட்டம்! நம் ஊராக இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கும்.

இவர் இரண்டாம் உலகப் போரில் வான்வழிப் படைப்பிரிவோடு இருந்தவர். கூட இருந்த அதிகாரிகளுக்கே நீளக் காது வைத்துக் கதையில் விட்டுவிட்டார். சத்தம் போடாமல் தலைமை தாங்கும் ஹேசல், அவருடைய கம்பெனி கமாண்டர் மேஜர் ஜான் கிஃபோர்ட். முரட்டு பிக்விக், கேப்டன் கவனா. பிள்ளைகள் முயல் கதை கேட்டார்கள். அப்பா பட்டாளத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்ததும் பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மொழி கடினம், பெரிய பிள்ளைகளுக்கு முயல் எதற்கு என்பது அவர்கள் கட்சி. கடைசியில் ரெக்ஸ் காலிங்ஸ் என்பவர் துணிந்தார். முன்பணம் கொடுக்கக்கூட வசதியில்லாத சிறு பதிப்பாளர். 1972இல் 2,500 பிரதிகளோடு ‘வாட்டர்ஷிப் டவுன்’ வந்தது. கார்னகி பதக்கம் வாங்கியது. பிறகு லட்சக்கணக்கில் விற்றது.

எனக்குப் பிடித்த இடம் வழியில் வரும் இன்னொரு முயல் ஊர். அங்கே எல்லோரும் கொழுகொழுவென்று இருப்பார்கள். விவசாயி காய்கறி போடுகிறான். மாலையில் கவிதை வாசிப்பு நடக்கிறது. ஒரே ஒரு விதிதான்: நேற்று இருந்தவர் இன்று எங்கே என்று யாரும் கேட்கக்கூடாது. விவசாயி வைத்த சுருக்குக் கண்ணிகள் புதருக்குள் இருக்கின்றன. முயலை விட்டுவிட்டுப் படித்தால் நமக்குத் தெரிந்த பல சபைகள் ஞாபகத்துக்கு வரும்.

1978இல் மார்ட்டின் ரோசன் இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தார். ஹேசலுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் ஹர்ட். கண்ணியில் கழுத்து இறுகி பிக்விக்கின் வாயில் ரத்தம் நுரைக்கிறது. வளைக்குள் மூச்சு முட்டிச் சாகும் முயல்கள் கண்ணை உருட்டுகின்றன. வூண்ட்வோர்ட் என்ற சர்வாதிகாரி முயல் கடித்துக் குதறுகிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் கொடுத்தது ‘யு’ சான்றிதழ். ஓவியம்தானே, நிஜ ரத்தக் கொடூரம் தெரியாது. படம் ஓடும்போது குழந்தை கலங்கலாம், கதையின் மயக்கம் கலைந்ததும் சரியாகிவிடும் என்று அவர்கள் அறிக்கை எழுதினார்கள். எழுதியவர் வீட்டில் குழந்தை இருந்திருக்காது என்பது என் ஊகம்.

மயக்கம் கலையவில்லை. வாரியத்துக்குப் புகார்கள் வந்துகொண்டே இருந்தன. படத்தின் சோகப் பாட்டு ‘பிரைட் ஐஸ்’ வேறு 1979இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்று, மறக்க நினைத்தவர்களையும் ரேடியோவில் துரத்தியது. 2016இல் ஒரு தொலைக்காட்சி இந்தப் படத்தை ஈஸ்டர் ஞாயிறு மதியம் போட்டது. முட்டை கொண்டுவரும் முயலுக்காகக் காத்திருந்த வாண்டுகள் முன்னால்! பெற்றோர் கொதித்தார்கள். 2022இல்தான் வாரியம் மனம் மாறி, பெற்றோர் துணை தேவை என்ற ‘பிஜி’ பிரிவுக்கு மாற்றியது. 44 ஆண்டுகள். கோப்பு நகரும் வேகத்தில் வெள்ளைக்காரனும் நமக்கு அண்ணன்தான்.

ரோசனுக்கு இது போதவில்லை. 1982இல் ஆடம்ஸின் இன்னொரு நாவலான ‘பிளேக் டாக்ஸ்’ஐக் கையிலெடுத்தார். பரிசோதனைக்கூடத்திலிருந்து தப்பிய இரண்டு நாய்கள். ஒன்றைத் தொட்டியில் மூழ்கும்வரை நீந்தவிட்டு, மீட்டு, மறுபடி நீந்தவிட்டிருக்கிறார்கள். மற்றதன் மூளையில் கத்தி வைத்திருக்கிறார்கள். ஆடம்ஸ் முதலில் அந்த இரண்டையும் கடலில் நீந்தவிட்டு முடித்திருந்தார். பதிப்பாளர் தரப்பு கெஞ்சியதால் அச்சில் ஒரு படகு வந்து காப்பாற்றுகிறது. படகில் இருப்பவர்கள் நிஜ மனிதர்கள்: இயற்கையியலாளர் பீட்டர் ஸ்காட்டும், எந்த நூலைப் படித்து ஆடம்ஸ் முயல்களைப் பற்றித் தெரிந்துகொண்டாரோ அதை எழுதிய ரொனால்ட் லாக்லியும். ரோசன் படகைத் திருப்பி அனுப்பிவிட்டார். படத்தில் நாய்கள் பனிமூட்டத்துக்குள் நீந்திக்கொண்டே போகின்றன. தியேட்டரும் காலியாகவே இருந்தது.

முடிவை மாற்றுவதில் இவர்களுக்கெல்லாம் முன்னோடி அமெரிக்க உளவுத்துறை. ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ 1954இல் பிரிட்டனில் கார்ட்டூன் படமானபோது ரகசியமாகப் பணம் போட்டது சிஐஏ. ரஷ்யப் புரட்சியைக் கிண்டலடிக்கும் அந்தப் புத்தகத்தில், பண்ணையைப் பிடித்து ஆளும் பன்றிக்கும் மனிதனுக்கும் கடைசியில் வித்தியாசம் தெரியாது. ரஷ்யாவோடு சேர்த்து நம்மையும் திட்டினால் எப்படி என்று ஸ்டோரி டிஸ்கஷனில் கை வைத்தார்கள். படத்தில் மற்ற விலங்குகள் திரண்டு வந்து பன்றிகளைக் கவிழ்த்துவிடுகின்றன; சுபம். ஆர்வெல் 1950லேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் தகராறு செய்ய ஆளில்லை.

இந்தப் புத்தகங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கார்ட்டூன் என்றாலே பாப்பாவுக்கு என்று முடிவு கட்டிய பெரியவர்கள்தான் ஏமாந்தார்கள். ‘வாட்டர்ஷிப் டவுன்’ அருமையான படம், அவசியம் பாருங்கள். பொடிசு ஏதாவது கூட இருந்தால், ‘முயல்தானே’ என்று டிவியைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.